வள்ளத்தில் பிறந்தவளுக்கு எது ஊர்?

1

‘இவ்விடம் யாவரும் சுகம்’ என்று கடிதத்தை ஆரம்பித்தால் என் மனைவி அருளம்மாளுக்குக் கோபம் வரும். “கடுதாசி அங்கோட்டுப் போய்ச் சேர ரெண்டு மாசம் ஆவுது. அதுக்குள்ள இங்க என்ன நடக்குமோ, ஆரு கண்டா? சும்மா சுகம் சுகம்னு எழுதாதீங்க” என்பாள். ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கோட்டாறு கம்போளத்தில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் என் பெரியண்ணன் கடிதம் போட்டிருந்தார். சுசீந்திரம் கோயிலுக்குள் இப்போது எல்லாரும் போகலாமாம், நாகர்கோவிலில் பஸ்கள் கூடிவிட்டனவாம். இதெல்லாம் முன்னுரை. பிறகு வந்தது காரியம். ‘உன் மகளுக்குப் பதினொன்று ஆகிவிட்டது. மீன்காரர்களோடு மணலில் கிடந்து புரள்கிற பிள்ளைக்கு நாளைக்கு யார் மாப்பிள்ளை பார்ப்பது? பெண்பிள்ளைகள் போர்டிங்கில் இடம் சொல்லி வைத்துவிட்டேன். உங்கள் தீவிலிருந்து லண்டன் வழியாகக் கொழும்புக்கு வருகிற மிஷன் அம்மையாரோடு ஏற்றிவிடு. துறைமுகம் துறைமுகம் என்று எழுதுகிறாயே, குளச்சலின் கால் தூசிக்கு வருமா அது?’

அம்மையார் பயணம் போகிற சங்கதியைப் போன கடிதத்தில் எழுதியவன் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! அருளம்மாள் கடிதத்தைப் பறித்து மடித்து அரிசிப் பானைக்குள் போட்டாள். “எனக்க பிள்ளைய நான் விடமாட்டேன். நீங்க வேணும்னா போர்டிங்ல போய்ச் சேருங்க” என்றாள்.

எனக்கோ மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் செல்வமணி என்று பெயர் வைத்தோம். ஊர்க்காரர்கள் அதைச் செல்மா ஆக்கிவிட்டார்கள். இப்போது செல்மா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள். ‘பரமண்டலங்களிலிருக்கிற’ ஜெபத்தைத் தமிழில் ஒரு பிழையில்லாமல் சொல்லுவாள். ஆனால் இந்த ஊர் மீனவர்கள் வலை இழுக்கும் பாட்டின் ராகத்தில் சொல்லுவாள். அதட்டினால், “அப்பா, ராகம் இல்லாம ஆண்டவருக்கு எப்படிக் கேக்கும்?” என்கிறாள். அ, ஆ எழுதிக்கொடுத்தால் எழுத்துக்கு வாலும் துடுப்பும் வைத்து மீனாக்கி விடுகிறாள். நான் செத்தால் என் டயரியை வாசிக்க வீட்டில் ஆள் இருக்காது. இது சின்ன துக்கமா, சொல்லுங்கள்.

ஆகையால் அனுப்பிவிடலாம் என்றே முடிவு செய்தேன். அருளம்மாள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பயணத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

2

அண்ணனுக்குப் பதில் சொல்லுமுன் உங்களுக்கு இந்தத் துறைமுகத்தைக் காட்டிவிடுகிறேன். பெயர் ஆன்ஸ் மரீ. மேற்கிந்தியத் தீவு ஒன்றின் பின்புறத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவில், அரை வட்டமாகக் கொஞ்சம் மணல். மரப்பலகை போட்ட ஒரு பாலம் கடலுக்குள் எண்பது அடி போகிறது. கப்பல் பாலத்தை ஒட்டி வராது, ஆழம் போதாது. குளச்சலைப் போலவே வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், வள்ளங்கள்தான் போய்ச் சரக்கை இறக்கவேண்டும். அந்த மட்டில் அண்ணன் சமாதானப்படலாம்.

மலைக்கு மேலே கோக்கோ, ஜாதிக்காய், வாழை. அதெல்லாம் கழுதை முதுகில் இறங்கிப் பாலத்துக்கு வரும். மாவு, மண்ணெண்ணெய், துணி, தபால், நீதிபதி, பாதிரியார், சவப்பெட்டிக்கு ஆணி, எல்லாம் கடலிலிருந்து ஏறிப் பாலத்துக்கு வரும். தீவின் தலைநகருக்குத் தரைவழி என்று பெயருக்கு ஒரு மலைப்பாதை உண்டு. மழைக்காலத்தில் ஆட்டுக்கும் அது ஆகாது. பாலம் ஒன்று இல்லையென்றால் ஊருக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. கடல் முழுக்க மீன் இருக்கிற ஊர், வடக்கே பனி நாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கருவாடு வாங்கித் தின்கிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. வலையில் மீன் பட்டால் ஒரே நாளில் மலையாகப் படும், படாவிட்டால் ஆறு வாரம் படாது, அதனால் கருவாட்டை நம்புகிறார்கள். அருளம்மாள் வந்த புதிதில், “இந்த மீனைக் கீறி உப்புப் போட்டுக் காயவைக்க ஒங்களுக்கு என்ன கேடு?” என்று கடற்கரையில் நின்று தமிழிலேயே சண்டை போட்டாள். இப்போது நாலு வீட்டில் அவள் பக்குவத்தில் கருவாடு காய்கிறது.

நாங்கள் வந்தது இப்படித்தான். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். துரை அந்தத் தோட்டத்தை விற்று இந்தத் தீவில் கோக்கோத் தோட்டம் வாங்கினார். அவருக்கு மலேரியா, என் கையால் குடித்தால்தான் கொயினா இறங்கும் என்று ஒரு நம்பிக்கை. இரட்டைச் சம்பளம் என்றார், கப்பல் ஏறினோம். வந்து ஏழு மாதத்தில் துரை போய்ச் சேர்ந்துவிட்டார். காய்ச்சலால் அல்ல, குதிரையிலிருந்து விழுந்து. தோட்டம் கைமாறியது, புது துரைக்குக் கம்பவுண்டர் வேண்டாம். திரும்பிப் போக வழியில்லாமல் துறைமுகத்துக்கு இறங்கி வந்தோம். அரசாங்க டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை படகில் வந்து போவார். அவருடைய மருந்து அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையாயிருந்தது. கர்த்தர் அந்தக் கதவைத் திறந்தார்.

3

இறங்கி வந்த முதல் வாரத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஊரே சிரித்ததுதான்.

காலை பத்து மணி இருக்கும். கடற்கரைப் பக்கமிருந்து சங்குச் சத்தம். நிறுத்தி நிறுத்தி, நீளமாக. கோட்டாற்றுத் தெருவில் பிறந்தவனுக்குச் சங்கு ஊதினால் என்ன அர்த்தம்? நாம் கிறிஸ்து வேதக்காரர்கள்தான், நம் வீட்டில் ஊதமாட்டோம். ஆனாலும் காது ஊர்க்காது அல்லவா! சனங்கள் வேறு வீட்டைப் போட்டது போட்டபடி கடற்கரைக்கு ஓடுகிறார்கள். யாரோ பெரிய மனுஷன் போய்விட்டான் என்று தீர்மானித்தேன். நல்ல காரியத்துக்கு அழைத்தால் போகவேண்டும், கெட்ட காரியத்துக்குக் கேட்டாலே போகவேண்டும் என்பது நம் முறை. புது ஊரில் நல்ல பெயர் எடுக்க வேண்டாமா? கறுப்புக் கோட்டை மாட்டினேன். அருளம்மாள் வெள்ளைச் சேலை கட்டினாள். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடந்து போனோம்.

கடற்கரையில் முதலில் எதிர்ப்பட்ட அம்மாளை அருளம்மாள் கட்டிப்பிடித்து, “என் தாயே, இப்பிடி விட்டுட்டுப் போயிட்டாரே!” என்று அழத் தொடங்கினாள். அந்த அம்மாள் கையில் காலிக் கூடை. அவள் திகைத்தாள். ஆனாலும் உதறவில்லை பாருங்கள், கூடையைக் கீழே வைத்துவிட்டு இவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றவரிடம் தாழ்ந்த குரலில், “யார் இறந்தது?” என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் கடலைக் காட்டினார். வலை வளைத்திருந்தது, உள்ளே மீன் துள்ளிக்கொண்டிருந்தது. இங்கே மீன் பட்டால் சங்கு ஊதி ஊரைக் கூப்பிடுவார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சேதி பரவிச் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பைக் கை காட்டி அமர்த்தினவர், வலையும் வள்ளமும் சொந்தமாக உள்ள எலியாஸ் கப்பித்தான். வெள்ளைத் தாடியும் கட்டுமரம் போன்ற தோளும் உள்ள கறுப்பு மனிதர். கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, “துக்கத்துக்கு வந்தவன் சும்மா போகக்கூடாது மக்கா, இழு” என்றார். இந்த ஊர்ப் பாஷை பிரெஞ்சும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஆனால் கடற்கரை ஆள் எந்தப் பாஷையில் பேசினாலும் குளச்சல் ஆள் பேசுவது போலத்தான் என் காதில் விழுகிறது. ஆகையால் அப்படியே எழுதுகிறேன். கோட்டோடு இழுத்தேன். கொடியில் கோத்த பன்னிரண்டு மீன் கிடைத்தது. கோட்டு அன்றோடு போயிற்று.

4

அடுத்த வருஷம் அருளம்மாளுக்குப் பேறுகாலம்.

வலி எடுத்து ஒரு பகலும் ஓர் இரவும் போயிற்று. டாக்டர் வந்து போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஊர் மருத்துவச்சி கெட்டிக்காரி, விடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து என்னிடம், “பிள்ளை புரண்டு கெடக்கு. எனக்க கையில நிக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும், இல்லன்னா ரெண்டும் போவும்” என்றாள். ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுக்கிற கம்பவுண்டர் நான். என் அலமாரியில் இருபத்தெட்டுப் புட்டிகள் உண்டு. என் பெண்டாட்டிக்கு ஒன்றும் உதவவில்லை.

ஆஸ்பத்திரி தலைநகரில். முனையைச் சுற்றிக் கடல்வழி மூன்று மணி நேரம். சரக்கு ஏற்றும் வள்ளங்கள் எல்லாம் முந்தின நாளே போய்விட்டன. கரையில் ஓடினேன். இருந்தது ஒரே வள்ளம், எலியாஸ் ஐயாவுடையது. அதுவும் கரையில் இல்லை. எட்டுப் பேர் துடுப்புத் தண்டு வலிக்க, மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை இறக்கிக்கொண்டிருந்தது. பாதி வட்டம் போட்டாயிற்று. ஆறு வாரமாக மீன் படாத சமயம் அது. ஊரில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. கரை முழுக்கக் கூடைகளோடு சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கத்தினால் மீன் கலையும் என்று பிள்ளைகள் வாயைக்கூடப் பொத்தியிருக்கிறார்கள்.

நான் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிக் கத்தினேன். என்ன பாஷையில் என்று நினைக்கிறீர்கள்? இங்கிலீஷும் வரவில்லை, இந்த ஊர்ப் பேச்சும் வரவில்லை. “ஐயா, எனக்க பெண்டாட்டி சாவுறா! வள்ளம் தாங்க ஐயா, வள்ளம் தாங்க!” என்று தமிழில் கதறினேன். கரையில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

எலியாஸ் ஐயா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கரையில் மருத்துவச்சி கையை ஆட்டுவதைப் பார்த்தார். இடுப்புக் கத்தியை எடுத்து வலையை வள்ளத்தோடு சேர்த்த கயிற்றை அறுத்தார். பாதி வலை தண்ணீரில் சாய்ந்தது. அவ்வளவு மீனும் ஒரு வெள்ளித் தகடு திரும்புவது போலத் திரும்பிப் போய்விட்டது. கரையில் நின்றவர்களில் ஒருவராவது ‘ஐயோ’ என்று சொல்லவேண்டுமே! சொல்லவில்லை. கூடைகளை வைத்துவிட்டு நாலு பெண்கள் எங்கள் வீட்டுக்கு ஓடி, அருளம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்துவிட்டார்கள். வந்த முதல் வாரம் இவள் கட்டிப்பிடித்து அழுத அந்த அம்மாளும் அதில் ஒருத்தி.

முனையைச் சுற்றும்போது கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. எட்டுப் பேரும் விடாமல் தண்டு வலித்தார்கள். மருத்துவச்சி அருளம்மாளைக் குறுக்குப் பலகையில் சாய்த்து உட்காரவைத்துத் தாங்கிப் பிடித்திருந்தாள். திடீரென்று, “நில்லுங்க! பிள்ளை திரும்புது!” என்றாள். தண்டுகள் நின்றன. எட்டு ஆண்களும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கரை எங்கோ கிடக்க, நடுக்கடலில், மீன் செதிள் ஒட்டிய பலகைமேல் என் மகள் பிறந்தாள். அவள் அழுத சத்தம் கேட்டதும் முன்தண்டு வலித்த ராட்சசன் போன்ற ஆள் விம்மி விம்மி அழுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, தாயும் பிள்ளையும் சுகம், இனி எனக்கு வேலையில்லை என்றார். ஸ்தோத்திரம்!

5

பிறப்பை நான் பதியவில்லை. தலைநகரில் கேட்டால், ‘இங்கே பிறக்கவில்லை, உங்கள் ஊரில் போய்ப் பதி’ என்றார்கள். எங்கள் ஊர்ப் பதிவுக் கச்சேரியில் கேட்டால், ‘இங்கேயும் பிறக்கவில்லையே’ என்றார்கள். சரி, பிள்ளை இருக்கிறாள், காகிதம் எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது பயணச் சீட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். அதில் பிறந்த ஊர் எழுதியிருக்கவேண்டும். ஊர் இல்லாதவளுக்குக் கப்பலில் இடம் கிடையாது.

கச்சேரியில் புதுக் குமாஸ்தா. சின்ன வயது, தங்கக் கண்ணாடி, நல்ல மனுஷன். சாட்சிக்கு எலியாஸ் ஐயாவைக் கூட்டிப் போனேன். எதற்காகக் காகிதம் என்று அவரிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார், சரி வாறேன் என்றார், அவ்வளவுதான். அருளம்மாளும் வந்து சுவரோரம் நின்றாள்.

“கடலில் பிறந்தால் கப்பல் தலைவர் எழுதிய குறிப்பு வேண்டும். கப்பலின் பெயர்?” என்றார் குமாஸ்தா.

“கப்பல் இல்லை ஐயா, மீன் வள்ளம்.”

“பதிவு எண்?”

“கிடையாது.”

“குறிப்புப் புத்தகம்?”

எலியாஸ் ஐயா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். அவருக்கு எழுதத் தெரியாது.

குமாஸ்தா பேனாவைக் கடித்து யோசித்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். “தகப்பனுடைய சொந்த ஊரையே எழுதிவிடலாம். திருவிதாங்கூர், நாகர்கோவில். நானும் கையெழுத்துப் போட்டுவிடுவேன், உங்களுக்கும் பயணம் சுலபம்.”

உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. என் மகளின் காகிதத்தில் நாகர்கோவில்! கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, எனக்கு இரண்டும் ஒரே தட்டில் வந்துவிட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

எலியாஸ் ஐயா தொப்பியைக் கழற்றினார். “ஐயா, நான் ஒரு காரியம் சொல்லலாமா? அந்தக் காலத்துல எங்க வள்ளத்துக்கு ஒம்பது பங்கு. எனக்கு ஒண்ணு, தண்டு வலிக்கிறவங்களுக்கு எட்டு. அந்தப் பிள்ளை பொறந்த மறுவாரம் மீன் பட்டுது. அண்ணைக்கு நான் பத்துப் பங்கு வச்சேன். இண்ணைக்கு வரைக்கும் பத்துதான். எனக்க வள்ளத்துல பொறந்தவ எனக்க வள்ளத்துக்காரி. பங்கு உள்ளவளுக்கு ஊர் இல்லன்னு எழுதினா எப்பிடி?”

பதினோரு வருஷமாக மீன் படுகிற ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலில் கொடியில் கோத்த மீன் தொங்கும். பாவம் பரதேசிக் குடும்பம் என்று இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு ரோஷம் வேறு! சும்மா வாங்குவேனா என்று மாதம் தவறாமல் அவர் வீட்டுக்கு இருமல் மருந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆறு வாரப் பட்டினியில் கைக்கு வந்த மீனை யாருக்காக விட்டாரோ அவளுக்கே பங்கும் கொடுத்திருக்கிறார். நமக்கு யாரும் தானம் போடவில்லை. என் பிள்ளையின் பங்கைத்தான் நாங்கள் குழம்பு வைத்துத் தின்றிருக்கிறோம்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தகப்பனார் என்ன சொல்லுகிறீர்கள்? எந்த ஊர் எழுத?”

“ஆன்ஸ் மரீ” என்றேன். சுவரோரம் அருளம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

வெளியே வந்ததும் எலியாஸ் ஐயா என் தோளில் கை வைத்தார். “காகிதம் ஆச்சுல்லா? பிள்ளை நல்லபடியாப் போவட்டும். படிக்கட்டும். அவளுக்க பங்க அருளம்மாகிட்டக் குடுத்துருவேன், நீ மனசு வெசனப்படாத மக்கா.” அவளை அனுப்புவதற்கான காகிதத்துக்கு அவரே வந்து கைநாட்டுப் போட்டிருக்கிறார்! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். உப்பிட்ட பிறகும் தான் உப்பிட்டதையே நினைக்காத மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன்.

பாலத்துக்குப் போனேன். பிள்ளை அங்கே சாக்குமேல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அண்ணன் சொன்னார், நான் சொன்னேன், அருளம்மாள் சொன்னாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “மக்களே, நாகர்கோவிலுக்குப் போறியா?” என்று கேட்டேன்.

“போறேன். எப்ப திரும்பி வருவேன்?”

ஆறு வருஷப் படிப்பு. அது முடிந்ததும் அண்ணன் அங்கேயே மாப்பிள்ளை பார்ப்பார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வானத்தைப் பார்த்தேன்.

அண்ணனுக்கு இப்படி எழுதினேன்: அண்ணா, இதுதான் என் பதில். கோபிக்காதே. நீ சொன்ன இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல். காகிதம் கையில் இருக்கிறது. ஒருநாள் மூன்று பேருமாக வந்து உன் கடையில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். தமிழ் எழுத்தை நானே தினம் சொல்லிக்கொடுக்கிறேன், வாலும் துடுப்புமாக இருந்தாலும் இருக்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை கப்பல் வந்தது. அம்மையாரை வழியனுப்ப நானும் அருளம்மாளும் பாலத்தில் நின்றோம். வள்ளத்தில் இறங்குமுன் அம்மையார், “பிள்ளை எங்கே? சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லையா?” என்று கேட்டார். நான் கரையைக் காட்டினேன். மீன் பட்டிருந்தது, ஊரே வலை இழுத்துக்கொண்டிருந்தது. எலியாஸ் ஐயாவுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாகக் கயிற்றைப் பிடித்துக் குதிங்காலை மணலில் ஊன்றி நின்றாள் என் மகள். அம்மையார் கைக்குட்டையை எடுத்து நெடுநேரம் ஆட்டினார். செல்வமணி பார்த்துச் சிரித்தாள். ஆனால் பதிலுக்குக் கையசைக்கவில்லை. அவள் கயிற்றை விட்டால் மற்றவர்களுக்குப் பாரம் கூடுமே.